எட்டடிக்கு ஆறடிச் சமையலறை

நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு வீடுகளில் எட்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட சமையலறைகளைச் சாதாரணமாகக் காணலாம். இத்தகைய அறையில் ஒருவர் நாள்தோறும் மூன்று, நான்கு மணி நேரம் நிற்க வேண்டியுள்ளது. வியர்வையும் தலைவலியும் இடுப்புவலியும் சமையலோடு உடன்பிறந்தவை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றுள் பெரும்பகுதி அறையின் அமைப்பினால் வருவதாகும். சுவரை இடிக்காமலே இவற்றைக் குறைக்க வழி உண்டு. அதற்கு வேண்டிய இயற்பியல் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களிலேயே இருக்கிறது.

அடுப்பு தரும் வெப்பம்

எரிவாயு அடுப்பின் ஒரு பர்னர் மணிக்குச் சுமார் 150 கிராம் வாயுவை எரிப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராம் வாயு எரியும்போது ஏறக்குறைய 4 கோடியே 60 இலட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. கணக்கிட்டால் அந்தப் பர்னரின் திறன் ஏறத்தாழ 1,900 வாட் ஆகும். நல்ல அடுப்பில் இதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சிய 600 வாட் நேராக அறைக்குள் செல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே ஒரு பர்னரைப் பற்றவைப்பது, அந்தச் சிறு அறைக்குள் மேலும் ஆறு பேரைக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்குச் சமம்!

நமது அறையின் உயரம் 3 மீட்டர் எனில் அதன் கன அளவு சுமார் 13 கன மீட்டர். அதிலுள்ள காற்றின் நிறை 15 கிலோகிராம்தான். ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 1,000 ஜூல் போதும். கதவும் ஜன்னலும் மூடியிருந்து, சுவர்களும் வெப்பத்தை ஏற்காதிருந்தால், அறையின் வெப்பநிலை நிமிடத்திற்கு 2.4 டிகிரி வீதம் ஏறும். சுவர்கள் வெப்பத்தை ஏற்றுக்கொள்வதால் இவ்வளவு வேகம் இருப்பதில்லை. ஆனால் அதே சுவர்கள் அடுப்பை அணைத்த பின்னும் நெடுநேரம் அனலை வீசிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நீர்

குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியதும் அதன் வெளிப்புறத்தில் சிறிது நேரம் ஈரம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாத்திரத்திலிருந்து கசிந்த நீரன்று. வாயுவிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டாக்கிய நீர். 150 கிராம் வாயு எரிந்தால் ஏறத்தாழ 240 கிராம் நீராவி உண்டாகும். 35 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 40 கிராம் நீராவியையே ஏற்கும். ஒப்பு ஈரப்பதம் முன்னரே 60 விழுக்காடு எனில், நமது அறையின் காற்றில் இன்னும் 200 கிராமுக்குத்தான் இடம் உண்டு. காற்று மாறாவிட்டால் ஒரு மணி நேரத்திற்குள் அது நிரம்பிவிடும். அதன் பின் உடலின் வியர்வை ஆவியாவதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இத்துடன் திறந்த பாத்திரத்திலிருந்து எழும் ஆவியும் சேர்கிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் 2,94,000 ஜூல். கொதிக்கும் நீரில் வெறும் 130 கிராமை ஆவியாக்கவும் இதே அளவு வெப்பம் தேவை. நீர் கொதிக்கத் தொடங்கிய பின் தீயைக் கூட்டினாலும் அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆவிதான் கூடும், பருப்பு விரைவில் வேகாது. எனவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுவது வாயுவை மிச்சப்படுத்துவதோடு அறையின் புழுக்கத்தையும் குறைக்கிறது. செலவில்லாத முதல் சீர்திருத்தம் இதுவே.

காற்றின் வரவும் செலவும்

சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. அது வெளியேற உயரத்தில் ஒரு திறப்பும், அதன் இடத்திற்குக் குளிர்ந்த காற்று வரக் கீழே ஒரு திறப்பும் வேண்டும். பழைய வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூண்டு வைத்ததன் தத்துவம் இதுதான். இரு திறப்புகளுக்கும் இடையே 2 மீட்டர் உயரமும், உள்ளும் புறமும் 8 டிகிரி வேறுபாடும் இருந்தால், கணக்கின்படி காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். தடைகளினால் அது பாதியாகிறது எனக் கொள்வோம். 45 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள ஒரு திறப்பின் வழியே அப்போது நொடிக்குச் சுமார் 0.07 கன மீட்டர் காற்று வெளியேறும். அது எடுத்துச் செல்லும் வெப்பம் ஏறத்தாழ 640 வாட். அடுப்பு அறைக்குள் விடும் 600 வாட்டுக்கு இது ஈடாகிறதல்லவா?

ஆனால் பல வீடுகளில் இந்த மேல் திறப்பு அட்டையால் அடைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அதன் கம்பிவலையை எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருக்கிறது. எலிக்கும் காக்கைக்கும் அஞ்சினால் அட்டைக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்து, மாதம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு மிக அருகில் ஜன்னல் திறந்திருந்தால், அந்த ஜன்னல் காற்றையே அது இழுத்து வெளியே தள்ளும். அடுப்பின் மேலுள்ள காற்று அசையாது. அடுப்பின் பக்கம் விசிறியும், எதிர்ப்பக்கம் காற்று நுழையும் வழியும் இருத்தல் நலம்.

கீழ்த் திறப்பு காக்கும் உயிர்

கீழ்த் திறப்புக்கு இன்னொரு பணி உண்டு. சமையல் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் அடர்த்தி உடையவை. எனவே கசியும் வாயு மேலே போகாமல் தரையில் தேங்குகிறது. மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்ற தைரியம் இங்கே உதவாது. கதவின் அடியில் இடைவெளியோ, தரையை ஒட்டிய துளைகளோ இருந்தால் வாயு வெளியேற வழி கிடைக்கும். வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கின்றனர். அந்த நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவு, ஜன்னல்களைத் திறக்க வேண்டும். விளக்கையோ விசிறியையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஸ்விட்சில் எழும் சிறு பொறியே போதும்.

முதுகும் நெம்புகோலும்

இனி இடுப்புவலிக்கு வருவோம். இடுப்புக்கு மேலுள்ள உடற்பகுதி மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 33 கிலோகிராம். மேடை தாழ்வாக இருந்து அவர் 20 டிகிரி குனிந்தால், இந்த எடையின் ஈர்ப்பு மையம் இடுப்புக்கு முன்னே சுமார் 10 செ.மீ. நகர்கிறது. முதுகுத் தசைகளோ தண்டுவடத்திற்கு 5 செ.மீ. பின்னால் இருந்து இழுக்கின்றன. திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், 33 × 10 = தசைவிசை × 5. அதாவது தசைகள் 66 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டும்! கையில் இருப்பதோ ஒரு கத்தரிக்காய்.

நறுக்கும் மேடை, நிற்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் குனிய வேண்டியதில்லை. அடுப்பும் பாத்திரமும் சேர்ந்து மேடைமேல் மேலும் 25 செ.மீ. உயர்வதால், அடுப்பு வைக்கும் இடம் மட்டும் தாழ்ந்திருப்பது நல்லது. கட்டிய மேடையை மாற்ற இயலாதவர்கள், தாழ்ந்த மேடையில் தடித்த பலகையொன்றை வைத்து அதன்மேல் நறுக்கலாம். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒரு முக்காலியும் போட்டுக்கொள்ளலாம்.

சிறியது குறையன்று

1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அதன் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறையை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். எந்தப் பொருளுக்கு எத்தனை அடி நடக்க வேண்டியுள்ளது என்று பார்த்து, அடிக்கடி எடுப்பவற்றைக் கைக்கெட்டும் தொலைவில் அமைத்தார். நாமும் அன்றாடம் எடுக்கும் அஞ்சறைப்பெட்டி, கரண்டிகள் போன்றவற்றை இடுப்புக்கும் தோளுக்கும் இடையே வைத்து, ஆண்டுக்கொருமுறை எடுக்கும் அண்டாவைப் பரணில் ஏற்றலாம்.

ஒளியையும் மறந்துவிடக் கூடாது. கூரை நடுவே விளக்கு இருந்தால், சுவரைப் பார்த்து நிற்பவரின் நிழல் அரிவாள்மனைமேலேயே விழும். மேடைக்கு 60 செ.மீ. உயரத்தில் அலமாரியின் அடியில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால், 180 செ.மீ. உயரத்தில் அதே விளக்கு தருவதைப்போல் ஒன்பது மடங்கு ஒளி கிடைக்கும். எதிர் இருமடி விதியின் பயன் இது.

நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு விடுமுறை நாளில் பெரியவர்கள் அனுமதியுடன் உங்கள் வீட்டுச் சமையலறையை ஆராயுங்கள். வாயு நாற்றம் சிறிதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவின் அடியிலும், ஜன்னலிலும், மேல் திறப்பிலும் காட்டுங்கள். புகை சாயும் திசை காற்றின் பாதையைச் சொல்லும். அறை வெப்பநிலையை அளக்கும் வெப்பமானி ஒன்றைத் தரைக்கு அருகிலும், அடுப்பை விட்டு விலகித் தலை உயரத்திலும் வைத்து, சமையல் நடக்கும்போது பத்து நிமிடத்திற்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். அடைத்த திறப்பைத் திறந்த பின் மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளந்து, இரண்டு நாள் அளவுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். அந்த வரைபடத்தை முதலில் காட்ட வேண்டியவர், உங்கள் வீட்டில் அந்த அடுப்பின் முன் நிற்பவர்தாம்.