ஐந்தாவது குண்டு

முன் ஆக்சில் தண்டை வெளியே உருவியதும் கறுத்த கிரீஸோடு எஃகுக் குண்டுகள் பொத்துபொத்தென்று தட்டில் விழுந்தன. டீசலில் கழுவி எடுத்தேன். மொத்தம் ஐந்து. நான்கு ஒன்றுபோல் இருந்தன. ஐந்தாவதில் ஒரு துளை, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தது போல ஒரு வடு.

"பேரிங் ஒடஞ்சிட்டோ அண்ணாச்சி?"

"பேரிங் இல்லடே. ஜாயின்ட்டு."

அம்பாசமுத்திரத்துப் பட்டறை அது. வண்டி, ராணுவ ஏலத்தில் விற்கப்பட்டுப் பல கை மாறி வந்த வில்லிஸ் ஜீப். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று ஏறும் ரோட்டில் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்திருந்தது.

ஜாயின்ட் என்றால் எனக்குத் தெரிந்தது, வண்டிக்கு அடியில் நீளத் தண்டின் முனையில் இருக்கும் சிலுவை மட்டும்தான். அந்தச் சிலுவையில் ஒரு குறை உண்டு. தண்டு நேராக இருக்கும்வரை தெரியாது. 30 பாகை மடங்கினால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 15 சதவீதம் வேகம் கூடி, இரண்டு முறை 13 சதவீதம் குறையும். முன் சக்கரமோ கொண்டைஊசி வளைவில் முழுக்கத் திரும்பியபடியே வண்டியை இழுத்தாக வேண்டும். இந்த வெட்டல் ஸ்டியரிங் வழியாக ஓட்டுபவரின் மணிக்கட்டுவரை வரும்.

குண்டுகள் அதைச் சரிசெய்யும் விதம்தான் என்னை அன்று வியக்க வைத்தது. இரு தண்டின் முனையிலும் வளைந்த பள்ளங்கள். இது ஒரு பக்கமாக வளைந்தால் அது எதிர்ப்பக்கமாக. இரண்டு பள்ளங்களும் குறுக்கிடும் இடத்தில் மட்டுமே குண்டு நிற்க முடியும். சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் அந்த இடம் இரு தண்டுக்கும் இடையிலான கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே விழுகிறது. அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடியும் பிம்பமும்தான். இது திரும்பும் அளவே அதுவும் திரும்பும், முந்தாது, பிந்தாது.

இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளில் இந்த வேலைக்கு நான்கு வகை ஜாயின்டுகள் போட்டிருக்கிறார்கள். கிடைத்ததை வைத்து வண்டியை அனுப்ப வேண்டிய காலம். எங்களுக்குக் கிடைத்தது பெண்டிக்ஸ் வகை. குண்டு ஆறாக இருந்து, அவற்றைப் பிடிக்க ஒரு கூடும் இருந்தால் அது ஆல்பிரட் செப்பா 1920களில் கண்டுபிடித்த வகை. இன்றைய கார்களின் முன் சக்கரத்தில் சுழல்வது அதன் வாரிசுதான். மற்ற இரண்டில் குண்டே கிடையாது. ஆகவே பாகத்தின் பெயரைத் தேடும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவது பழைய ஜீப்பில் எல்லா இடத்திலும் உதவுகிறது. போர்க்கால ஜீப்பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியில், பெரியதான கிரவுனில் 39 பல், சிறியதான பினியனில் 8. மகிந்திரா 1947-இல் இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பின்னால் வந்த சிஜே-3பி வகையில் 43-க்கு 8. கழற்றி வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. முன்னால் ஒன்றும் பின்னால் மற்றொன்றும் மாட்டி நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டால், முன் சக்கரமும் பின் சக்கரமும் 10 சதவீத வேக வித்தியாசத்தில் ஒன்றை ஒன்று இழுக்கும். சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் உள்ளே ஏதாவது ஒன்று முறியும்.

39-க்கும் 8-க்கும் பொது வகுஎண் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஜோடிப் பற்கள் மறுபடி சந்திக்க கிரவுன் 8 சுற்று சுற்றியாக வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் தொட்டுவிடும். தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்காகப் போகிறது. இதற்காகவே பல்லின் எண்ணிக்கையை இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சில பாகங்கள் தம் எண்ணிலேயே பேசிவிடும். பேரிங்கில் 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் போதும்: உள்துளை 25 மில்லிமீட்டர். பின்னாளைய மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ டீசல் இன்ஜினின் பெயர் எக்ஸ்டிபி 4.90, நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பேசாதவையும் உண்டு. போர்க்கால ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. தெரியாதவர் வழக்கம்போல் கழற்றுவதாக நினைத்து இறுக்கி, போல்டை முறித்துவிடுவார்.

மாலையில் ஜாயின்டைத் திரும்பப் பூட்டினோம். துளையுள்ள குண்டை நடுவில் வைத்து, மற்றவற்றைப் பள்ளத்தில் ஒவ்வொன்றாக இறக்கினார் அண்ணாச்சி. மூன்று போயின. நான்காவதற்கு வழியில்லை, நடுக்குண்டு மறித்தது. ஓர் ஆணியால் நடுக்குண்டை மெல்லத் திருப்பினார். நான் தேய்மானம் என்று நினைத்த அந்தத் தட்டை வடு பள்ளத்துக்கு நேரே வந்தது. நான்காவது குண்டு அதை உரசாமல் உள்ளே நழுவியது. மறுபடி திருப்பினார். துளை, தண்டில் உள்ள துளைக்கு நேராக நின்றது. பின்னைச் செருகித் தட்டினார்.

"இப்ப இழுத்துப் பாருடே."

இழுத்தேன். வரவில்லை.