குதிரைக்கு வழிவிட்ட ஊர்

லாயமும் வீடும் – 7

எய்க்கன் நகரில் விஸ்கி ரோடு என்றொரு சாலை இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அதை வெட்டிக்கொண்டு போகும் தெருவின் பெயர் ஈஸி ஸ்ட்ரீட். அந்தச் சாலையைக் கடக்க நினைக்கும் பாதசாரிக்கு விளக்குக் கம்பத்தில் வழக்கமான உயரத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே இன்னொன்று. அது குதிரை மேல் வருபவருக்கு. இறங்க வேண்டியதில்லை, கையை நீட்டி அழுத்தினால் போதும். சிவப்பு விழுந்து கார்கள் நிற்க, குதிரை கடந்து போகும். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் தார் முடிந்து மண் தெரு தொடங்குகிறது. நகராட்சியிடம் பணமில்லாமல் விட்டுப்போனது என்று நினைத்துவிடக் கூடாது. கோடீசுவரர்கள் குடியிருந்த தெருக்கள் அவை. குளம்புக்கு ஆகாது என்பதால் தார் போடாமலே காப்பாற்றி வருகிறார்கள்.

சென்ற வாரம் கென்டக்கியின் லெக்சிங்டனில், சுண்ணாம்புப் பாறை மேல் வளரும் புல்லைத் தின்று எலும்பு முறுக்கேறும் குட்டிகளைப் பார்த்தோம். தென் கரோலினாவின் எய்க்கனில் அப்படிப்பட்ட புல் கிடையாது. மணற்குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. பருத்தி போடுபவன் மதிக்காத மண். ஆனால் மழை ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அந்த மண் நீரை உறிஞ்சிக்கொள்ளும், சேறாகாது. குளிர்காலத்தில் வடக்கே நிலம் கல்லாய் இறுகிக் கிடக்கும்போது இங்கே தரை மெத்தென்றுதான் இருக்கும். ஓடிப் பழகும் இளங்குதிரையின் மூட்டுக்கு வேறென்ன வேண்டும்? எய்க்கனைப் பற்றிய கையேடுகள் மாளிகைகளில் ஆரம்பித்துக் குதிரைகளுக்கு வரும். நான் மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாளிகைகள் கடைசியாக வந்தவை. அவற்றில் பல முதலில் போனவையும்கூட.

ஊரைப் பெற்றது குதிரை அல்ல, ரயில். சவானா நதிவழியே போய்க்கொண்டிருந்த பருத்தி வியாபாரத்தைத் தங்கள் துறைமுகத்துக்குத் திருப்ப நினைத்த சார்லஸ்டன் வணிகர்கள், நதிக்கரையிலிருந்த ஹாம்பர்க் வரை 136 மைல் தண்டவாளம் போட்டார்கள். 1833ல் வேலை முடிந்தபோது உலகத்திலேயே நீளமான ரயில்பாதை அதுதான். வழியில் முளைத்த ஊருக்கு ரயில் கம்பெனித் தலைவர் வில்லியம் எய்க்கனின் பெயரை வைத்தார்கள். அவர் அதற்கு முன்பே, 1831ல், குதிரை வண்டி விபத்தில் இறந்துபோயிருந்தார். ரயில் விட்ட மனிதரை வண்டி கொன்றது, அவர் பெயர் கொண்ட ஊர் குதிரைக்குப் பேர்போனது.

தெருக்களை அளந்தவர்கள் டெக்ஸ்டர், பாஸ்காலிஸ் என்ற இரு பொறியாளர்கள். உள்ளூர்ப் பணக்காரர் ஒருவரின் மகள் மேல் டெக்ஸ்டருக்குக் காதல், அதனால்தான் ரயில் இந்தப் பக்கம் வளைந்தது என்று ஒரு கதை உண்டு. ரயில் போன ஊருக்கெல்லாம் இப்படி ஒரு கதை இருக்கும், நம்புகிறவர்கள் நம்பலாம். அந்தப் பொறியாளர்கள் வரைந்த தெருக்களின் அகலத்தைத்தான் நான் வியப்பேன். 150 அடி. நடுவில் மரமும் புல்லுமாகப் பூங்கா ஓடும். நம்மூர்த் தேர் வீதிகளைப் போல, என்றைக்கோ வரப்போகும் பெரிய ஒன்றுக்காகக் காத்திருக்கும் அகலம்.

முதலில் வந்தவர்கள் நோயாளிகள். காசநோய்க்கு மருந்தில்லாத காலம். உலர்ந்த காற்றும் பைன் மர வாசமும் நெஞ்சுக்கு நல்லது என்று வைத்தியர்கள் எழுதிக்கொடுக்க, விடுதிகள் நிரம்பின. அப்படி ஆரோக்கியம் தேடி வந்த குடும்பங்களில் ஒன்று யூஸ்டிஸ். செலஸ்டீன் யூஸ்டிஸ் என்ற அம்மையார், தாயில்லாத தன் அண்ணன் மகள் லூயிஸை வளர்த்து ஆளாக்கினார். அந்தப் பெண் கைப்பிடித்தது, லாங் ஐலண்டின் குதிரைப் பித்தர் தாமஸ் ஹிட்ச்காக்கை. மனைவியின் ஊர் மண்ணைக் கணவர் கண்டார். குளிர்காலம் முழுக்கக் குதிரைகளைப் பழக்கலாம் என்று கணக்குப் போட்டார். நண்பர் வில்லியம் விட்னியை அழைத்தார். அமெரிக்கக் கடற்படை அமைச்சராக இருந்து, நியூயார்க் டிராம் கம்பெனிகளில் பெரும்பணம் சேர்த்தவர் விட்னி. இந்த இருவருக்குப் பின்னால் வடக்கின் செல்வர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். குதிரைகளும் ரயிலில்தான் வந்தன. ‘குளிர்காலக் குடியிருப்பு’ என்று ஊரார் இன்றும் பேசும் காலம் அதுதான்.

வீடுகளுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘காட்டேஜ்’. இந்தப் பணிவை நம்பி ஏமாற வேண்டாம். விஸ்கி ரோடும் ஈஸி ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் விட்னி வாங்கிய ‘ஜாய் காட்டேஜ்’ அறுபது அறை கொண்டது. சாரா ஜாய் என்ற பெண்மணி நடத்திய தங்கும் விடுதி, விட்னி கையில் பக்கம் பக்கமாக நீண்டு அப்படி வளர்ந்தது. அதை அவர் முழுதாக அனுபவிக்கவுமில்லை. 1898ல் எய்க்கனில் சவாரி போன அவருடைய இரண்டாம் மனைவி எடித், தலையில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்து அடுத்த ஆண்டு இறந்துபோனார். 1904ல் அவரும் போனார். வாரிசுகள் காலத்துக்குப் பிறகு வீடு சீந்துவாரற்றுக் கிடந்தது. ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் வாழ்க்கை வரலாற்றுக்காகப் பின்னர் புலிட்சர் வாங்கிய ஸ்டீவன் நைஃபே, கிரகரி ஒயிட் ஸ்மித் இருவரும் 1989ல் அதை வாங்கி, ஒழுகும் கூரையோடும் உளுத்த மரத்தோடும் மல்லுக்கட்டிய கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்கள். அறுபது அறை வீட்டை ஆள வேலைக்காரப் பட்டாளம் வேண்டும். அது போன பிறகு அந்த வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி எய்க்கனின் ஒவ்வொரு மாளிகைக்கும் வந்தது. 32 அறை கொண்ட ‘பேங்சியா’ இன்று மாவட்ட அருங்காட்சியகம். சில விடுதியாயின, சில இடிபட்டன.

குதிரைக்காக ஒதுக்கிய எதற்கும் அந்தச் சங்கடம் வரவில்லை. 1882லேயே ஊரில் போலோ ஆடத் தொடங்கிவிட்டார்கள். விட்னி அறக்கட்டளையாக எழுதிவைத்த திடலில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. போலோ உலகில் மிக உயர்ந்த மதிப்பான பத்து கோல் தகுதியைப் பல ஆண்டுகள் வைத்திருந்த டாமி ஹிட்ச்காக், தாமஸ்–லூயிஸ் தம்பதியின் மகன். எய்க்கனில் 1900ல் பிறந்தவர். முதல் உலகப்போரில் விமானியாகிப் பிடிபட்டு, ஜெர்மானிய ரயிலிலிருந்து குதித்து, ஸ்விட்சர்லாந்துக்கு நடந்தே தப்பியவர். இரண்டாம் போரில் மஸ்டாங் போர் விமானத்துக்காக வாதாடி, 1944ல் அதே வகை விமானத்தைச் சோதிக்கையில் இங்கிலாந்தில் விழுந்து மாண்டார்.

அம்மா லூயிஸ் மகனுக்குக் குறைந்தவரல்ல. 1914ல் எய்க்கன் வேட்டைநாய்க் கூட்டத்தை ஏற்படுத்தியவர் அவர். இந்த வேட்டையில் நரி கிடையாது என்பதுதான் வேடிக்கை. முன்கூட்டியே ஒருவர் வாசனை ஏற்றிய துணியைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவார். அந்த மோப்பத்தில் நாய்கள் பாயும், நாய்களின் பின்னால் குதிரைகள் பாயும், வழியில் குறுக்கே கட்டிய மர வேலிகளைத் தாண்டும். உயிர்ப்பலி இல்லை என்றால் குதிரை ஏறியவர்களுக்கும் ஆபத்தில்லை என்று பொருளல்ல. அறுபதைக் கடந்தும் சவாரியை விடாத லூயிஸ், அப்படி ஒரு வேட்டையில் விழுந்த காயத்தால்தான் 1934ல் இறந்தார். ஐந்தாண்டு கழித்து, கணவரும் மகள் ஹெலனும் 1,191 ஏக்கர் காட்டை அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

எய்க்கனில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்பவரை நான் அந்தக் காட்டுக்குத்தான் அனுப்புவேன். ஹிட்ச்காக் வனம் இன்று சுமார் 2,100 ஏக்கர், அதுவும் நகரத்தை ஒட்டி. உள்ளே ஏறத்தாழ 70 மைல் தடங்கள், எல்லாம் மண். மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. நடப்பவர் குதிரைக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். நீள ஊசி பைன்கள் ஓங்கி நிற்க, அடியில் தரை திறந்து கிடக்கும். அது தானாக வந்த அழகில்லை. இந்தப் பைனுக்கு நெருப்பு வேண்டும். தரையிலோடும் சிறு தீ புதரையும் அகல இலை மரக்கன்றுகளையும் எரித்துவிட, தடித்த பட்டையுள்ள பைன் தப்பித்துக்கொள்ளும். அதனால் வனத்தைப் பார்ப்பவர்கள் பகுதி பகுதியாக அளவறிந்து தீ வைக்கிறார்கள். உள்ளே ‘மணல் ஆறு’ ஒன்றும் உண்டு. பெரும்பாலான நாட்களில் வெறும் வெண்மணல், நகரத்தில் கனமழை கொட்டினால் மட்டும் தண்ணீர். நவம்பரில் நன்றி நவிலும் நாள் காலையில் ஊரே இங்கே கூடும். பாதிரியார் வந்து வேட்டைநாய்களை ஆசீர்வதிப்பார்.

தோட்டம் என்றால் ஹோப்லேண்ட்ஸ். ஹோப் காடார்ட் ஐஸ்லின் என்ற சீமாட்டியின் 14 ஏக்கர். 1895ல் கணவரோடு ‘டிஃபெண்டர்’ பாய்மரப் படகில் ஏறி அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் பங்கெடுத்த பெண் அவர். அப்படிப் போட்டியிட்ட முதல் அமெரிக்கப் பெண் என்பார்கள். கடலில் அப்படி, கரையில் பந்தயக் குதிரைகள். நூறு வயதைக் கடந்து 1970ல் அவர் இறந்தபோது ஹோப்லேண்ட்ஸை நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். மறு ஆண்டே தோட்டம் மக்களுக்குத் திறந்தது. ஓக், மக்னோலியா மரங்களுக்கு நடுவே அவர் வளர்த்த தேவதாரு மரங்களும் நிற்கின்றன, நம் இமயமலையின் தேவதாருவேதான். பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் செடிகளை அறிய பிரெயில் பலகைகளோடு தனிப் பாதை இருக்கிறது. அந்த அம்மையார் வாழ்ந்த மாளிகை மட்டும் இல்லை, இடித்துவிட்டார்கள். அவருடைய வண்டிக் கொட்டகை தப்பித்தது. 1977லிருந்து அதுதான், எய்க்கனில் பழகிய பந்தயக் குதிரைகளுக்கான புகழ்க் கூடம். எசமானி வீட்டுக்குக் கிடைக்காத ஆயுசு வண்டி நின்ற இடத்துக்குக் கிடைத்திருக்கிறது.

கூடத்தில் பெயர் பொறித்த குதிரைகளில் ஒன்று கெல்சோ. காயடித்த குதிரை, சந்ததி இல்லை, ஓடுவது ஒன்றுதான் வேலை. 1960 தொடங்கி 1964 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து அமெரிக்காவின் ஆண்டுக் குதிரை. அதன் உரிமையாளர் அல்லேர் டூபான்ட், டூபான்ட் வீட்டு மருமகள். அந்தக் குடும்பத்தின் ரசாயனக் கம்பெனிக்கும் எய்க்கனுக்கும் வேறொரு தொடர்பு உண்டு. 1950ல் அமெரிக்க அரசு, ஹைட்ரஜன் குண்டுக்கான மூலப்பொருள் செய்ய ஊருக்குத் தெற்கே சுமார் 300 சதுர மைல் நிலத்தை எடுத்தது. ஆலையைக் கட்டி நடத்தியது டூபான்ட். எலன்டன் உட்படச் சிற்றூர்கள் காலியாயின, ஏறத்தாழ 6,000 பேர் வீடு பெயர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் எய்க்கனின் மண் தெருக்களைக் குதிரைக்காக அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாவட்டத்துச் செய்திகள் என்பதைக் கையேடுகள் ஒரே பக்கத்தில் அச்சிடுவதில்லை.

கையேடுகள் அச்சிடாத இன்னொருவர் இருக்கிறார். பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாகப் பிறந்தவர், எஜமானின் வண்டியோட்டி. உள்நாட்டுப் போரின்போது, 1862ல், எஜமானின் குதிரையிலேயே ஏறி, தென்னவர் படைகளின் எல்லையைக் கடந்து, ஏறத்தாழ நூறு மைல் போய் வடக்குப் படையிடம் சேர்ந்தார். முன்னாள் அடிமைகளைக் கொண்டு எழுப்பிய முதல் தென் கரோலினாப் படைப்பிரிவில் சார்ஜென்ட் ஆனார். போருக்குப் பின் 1868ல் மாநில அரசியல் சட்டம் எழுதிய அவையில் உறுப்பினர், பிறகு சட்டமன்ற உறுப்பினர். 1871ல் எய்க்கன் மாவட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1876 ஜூலையில் ஹாம்பர்க்கில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றபோது அங்கே விசாரணை நீதிபதியாக இருந்தவர் இவர்தான். சார்லஸ்டன் வணிகர்கள் போட்ட ரயில்பாதையின் கடைசி நிலையமான ஹாம்பர்க்தான் அது. அந்த ரத்தத்தின் மேல் வெள்ளையர் ஆட்சி திரும்பியது. ரிவர்ஸின் பதவியும் செல்வாக்கும் போயின. வயிற்றுப்பாட்டுக்கு மறுபடியும் வண்டியோட்டினார். 1887ல் இறந்தார். தான் பங்கெடுத்து உருவாக்கிய மாவட்டத்திலேயே, அடிமையாக இருந்தபோது செய்த அதே வேலை.

அப்போது வட நாட்டுச் சீமான்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய லாயங்களில் விடியுமுன் எழுந்து தீனி வைத்தவர்கள், லாடம் பார்த்தவர்கள், வியர்வை ஆறும்வரை குதிரையை நடத்திக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். கெல்சோவின் பந்தயங்களைத் தேதியோடு சொல்லும் ஊரில் அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் மிஞ்சியிருக்கிறது? தேட விரும்புகிறவருக்கு இரண்டு கட்டடங்களைச் சொல்வேன். ஒன்று, 1889ல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கட்டிய இம்மானுவேல் பள்ளி. இப்போது ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான மையம். இன்னொன்று, ஊருக்குள் 1893ல் எழுந்த காஸ்டன் லாயம். சொந்தக் குதிரை இல்லாதவர்கள் குதிரையும் வண்டியும் வாடகைக்கு எடுத்த செங்கல் கொட்டில். அதைச் சிதையாமல் மீட்க உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டிப் பாடுபட்டு வருகிறார்கள். விட்னி திடலுக்குப் போகுமுன் அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம்.

அடுத்த வாரம் இதே மாநிலத்தின் கேம்டனுக்குப் போகிறோம். அங்கேயும் ஒரு டூபான்ட் வருகிறார், தன் பந்தயத் திடலை மாநிலத்துக்கே கொடுத்துவிட்டுப் போன மேரியன் டூபான்ட் ஸ்காட்.

(தொடரும்)