நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த மாணவி



காணிக்கையோடு நீங்கள் அனுப்பும் கடிதங்களில் சில கேள்விகள் அடிக்கடி வருகின்றன. நாம் தாங்குகிற நர்சிங் மாணவிகள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார்கள்? என்ன படிக்கிறார்கள்? படித்து முடித்து எங்கே போகிறார்கள்? கடைசிக் கேள்வியைச் சிலர் சற்று வருத்தத்தோடே கேட்டிருக்கிறீர்கள். அதில் நியாயம் உண்டு. இந்த இதழில் ஒரு மாணவியை முன்வைத்து எங்களால் இயன்ற பதிலை எழுதுகிறோம். அவள் இன்னும் படித்துக்கொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை.

பழனிக்கு மேற்கே இருக்கிறது நெய்க்காரப்பட்டி. தெற்கே மலை, சுற்றிலும் கரும்பும் தென்னையும். வெல்லத்துக்குப் பேர்போன ஊர். கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையே அடுப்பில் தள்ளி எரித்து, பொங்கிவரும் அழுக்கை அள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். இந்த மகளின் தகப்பனாரும் அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றில் கூலி வேலை செய்கிறவர். தாயார் வயல் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை இவள்தான். படித்தது அரசுப் பள்ளி, தமிழ் வழி.

நேர்முகத்தில், "ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறாய்?" என்று எல்லாரையும் கேட்போம். "ஏழைகளுக்குச் சேவை செய்ய" என்று மனப்பாடமாகப் பதில் வரும். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்; நாங்களும் குறை சொல்வதில்லை. இவள் வேறு பதில் சொன்னாள்.

"அப்பா கையில பாகு கொட்டிருச்சுங்க. பக்கத்துல இருந்தவங்க மசிய ஊத்துனாங்க, மேல மாவும் அப்புனாங்க. ஆஸ்பத்திரியில சிஸ்டர் அதையெல்லாம் கழுவி எடுக்கறப்ப அப்பா அழுதாருங்க. உடனே ஓடுற தண்ணியில கையக் காட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காதுன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்க. எங்க ஊர்ல அது யாருக்கும் தெரியலைங்க."

இதைப் படிக்கிற நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். சுட்ட இடத்தை உடனே ஓடுகிற குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். மசி, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. அதன் பிறகு மருத்துவமனைக்கு வரலாம். இவ்வளவு சிறிய விஷயம் தெரியாமல் கை விரல்கள் ஒட்டி மடங்கிப்போன தொழிலாளர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இனி படிப்பைப் பற்றி. பங்காளர்கள் பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. துணைச் செவிலியர் பயிற்சி இரண்டு ஆண்டு. பெரும்பாலும் கிராம சுகாதாரப் பணிக்கானது. பொது நர்சிங் மற்றும் பிரசவப் பணி டிப்ளமோ மூன்று ஆண்டு, இதைத்தான் ஜி.என்.எம். என்கிறோம். பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டம். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர்கள் பிறகு இரண்டு ஆண்டு படித்துப் பட்டமும் பெறலாம். எதைப் படித்தாலும் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே நர்சாக வேலை பார்க்க முடியும். இந்த மகள் ஜி.என்.எம்.மில் சேர்ந்தாள். டாக்டராக வேண்டும் என்ற ஆசை பத்தாம் வகுப்பு வரை இருந்ததாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சேர்வது ஒரு பாடு என்றால், முதல் ஆண்டைத் தாண்டுவது அதைவிடப் பெரிய பாடு. பாடப் புத்தகம், வகுப்பு, தேர்வு எல்லாம் ஆங்கிலம். காறை எலும்பு எது என்று கேட்டால் தன் தோளைத் தொட்டுக் காட்டுவாள். 'கிளாவிக்கிள்' என்றால் விழிப்பாள். அறிவில் குறைவில்லை, சொல்தான் புதிது. ஆனால் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அது எப்படித் தெரியும்? முதல் மாதத் தேர்வில் உடற்கூறியலில் தோற்றாள். "என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டாள். தகப்பனார் பஸ் ஏறி வந்து, விடுதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "புள்ளைக்குப் படிப்பு ஏறலைங்களா?" என்று அவர் கேட்ட குரலை எங்கள் விடுதிக் கண்காணிப்பாளர் இன்னும் மறக்கவில்லை.

படிப்பு ஏறாதது அல்ல அது. நம் மிஷன் சரித்திரமே இதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848-ல் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பிறகு தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களைத் தமிழில் அச்சேற்றி, 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள்; அவர்களில் பாதிக்கு மேல் தமிழிலேயே கற்றவர்கள்.

பெண்களைப் பற்றியும் இப்படி ஓர் அவநம்பிக்கை இருந்தது. வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்க டாக்டர் ஐடா ஸ்கடர் அனுமதி கேட்டபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார் அரசு அதிகாரி. பள்ளி 1918-ல் தொடங்கியது. 1922-ல் முதல் அணியில் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினார்கள்.

எங்களுக்குப் பாடத்திட்டத்தைத் தமிழுக்கு மாற்றும் அதிகாரம் இல்லை. செய்ய முடிந்ததைச் செய்கிறோம். முதல் ஆறு மாதம் மாலைதோறும் ஒரு மணி நேரம் ஆங்கில வகுப்பு. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலம். மூத்த மாணவி ஒருத்தி இளையவளை இரவில் கேள்வி கேட்பாள். இந்த மகள் மூன்று நோட்டு நிரப்பினாள். ஆண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறினாள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் தாங்குகிற பணத்தில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புக்கும் நோட்டுக்கும் போகிறது. மீதி கல்விக் கட்டணம், விடுதி, சீருடை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது இவளைப் போன்றவர்களுக்குப் பெரிய ஒத்தாசையாக இருந்தது. ஆனாலும் கட்டணத்துக்கு அது போதாது.

இப்போது அந்த வருத்தமான கேள்வி. ஆம், படித்து முடித்தவர்களில் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்கள் உண்டு. அதை மறைக்க மாட்டோம். உதவி பெற்றவர்கள் இரண்டு ஆண்டு மிஷன் மருத்துவமனையில் பணி செய்ய ஒப்புக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் சொன்னபடி செய்கிறார்கள். அதற்கு மேல் பிடித்து வைக்க எங்களுக்கு மனமில்லை. தம்பியின் படிப்பும் வீட்டுக் கடனும் அந்தப் பெண்ணின் தோளில் இருக்கின்றன. நாங்கள் தருகிற சம்பளமும் பெரிய மருத்துவமனைகளின் சம்பளத்துக்கு ஈடாகாது. போகிறவளைக் குறை சொல்வதைவிட, இருக்கிறவளின் சம்பளத்தைச் சற்று உயர்த்தப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறோம். இதை ஆலோசனைக் குழுவிலும் சொல்லிவிட்டோம்.

இந்த மகள் இப்போது இறுதியாண்டு. பிரசவ வார்டில் பயிற்சி. முதல் குழந்தையைக் கையில் வாங்கிய இரவு தூக்கமே வரவில்லை என்றாள். இரண்டு ஆண்டுப் பணிக்குப் பிறகு பட்டம் படிக்க வேண்டும், தீக்காய வார்டில் வேலை கற்க வேண்டும், பிறகு அரசுத் தேர்வெழுதிப் பழனிப் பக்கமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். மிஷன் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுக்குத்தான் வருகிறது. நாங்கள் சற்று ஏமாந்ததை அவள் முகத்துக்கு நேரே காட்டிக்கொள்ளவில்லை. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது தகப்பனார் வேலை செய்யும் கொட்டகையில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வைக்கச் சொல்லியிருக்கிறாள். தொட்டி வந்துவிட்டது. குழாய் இன்னும் வரவில்லை.

ஜெபத்துக்கும் உதவிக்கும்: இறுதியாண்டுத் தேர்வெழுதும் மாணவிகளையும், புதிதாகச் சேரவிருக்கும் தமிழ் வழி மாணவிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பயன்படாத ஆங்கிலம்–தமிழ் அகராதி இருந்தால் அனுப்புங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, விடுதியிலேயே ஒட்டிக்கொள்வோம்.