புறம்போக்கு: ஆறும் பாட்டும் குடியிருப்பும்



புளியஞ்சோலையில் நம் காலை நனைக்கும் அய்யாறு, மேலே கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழுந்து வருகிற நீர். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. இதே மாநிலத்தின் தலைநகரில் கூவமும் அடையாறும் கொசஸ்தலையும் சாக்கடை நீரையும் சாம்பலையும் சுமந்து கடலுக்குப் போகின்றன. அவற்றின் கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஆற்றைக் கெடுத்தவர்கள் என்ற பழியும் அவர்கள்மேல்தான். நகரம் முழுவதன் கழிவுநீரும் எந்தக் குழாய் வழியாக ஆற்றுக்கு வருகிறது என்று கேட்பவர் குறைவு.

இப்போது ஆறுகளைக் காக்கக் கலைஞர்களும் வருகிறார்கள். வரட்டும். அவர்களுடைய கலை கரையில் இருப்பவரை எங்கே நிறுத்துகிறது என்பதை மட்டும் நாம் கவனிக்க வேண்டும்.

2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ நல்ல உதாரணம். எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் நின்று பாடினார். கர்நாடக ராகம், மெட்ராஸ் தமிழ். சபா மேடை இந்தத் தமிழை உள்ளே விட்டதில்லை. அதைவிடப் பெரிய காரியம், அந்தப் பாடல் ‘புறம்போக்கு’ என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது. வருவாய்த் துறைக் கணக்கில் ஓடை, ஏரி, மேய்க்கால், சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. யாரும் விற்க முடியாத, எல்லோருக்கும் பொதுவான நிலம். அது எப்படி வசைச் சொல்லானது? பட்டா இல்லாத நிலத்துக்கும் பட்டா இல்லாத மனிதருக்கும் ஒரே மரியாதைதான் கிடைத்தது.

பாட்டு தனியாக எதையும் சாதிக்கவில்லை. எண்ணூர் மீனவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னால் அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் இல்லாமல் போனதை அவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து அம்பலப்படுத்தினார்கள். வரைபடத்தை எல்லோரும் படிப்பதில்லை. பாட்டைக் கேட்டவர்கள் வரைபடத்தைப் பற்றியும் விசாரித்தார்கள். கலைஞரின் பங்கு இந்த அளவுதான், இதுவே போதுமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அதே கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பும் சேர்ந்து போனது.

இன்னொரு வகையும் உண்டு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டியே இது வேகமெடுத்தது. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர். 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. அழகாகத்தான் இருக்கின்றன. அங்கே வளரும் பிள்ளைக்குத் தன் ஊரைச் சொல்லக் கூச்சம் குறைந்தால் நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்தக் குடும்பங்கள் எந்தக் கரையிலிருந்து வந்தன, அந்தக் கரையில் இப்போது என்ன இருக்கிறது என்று அந்தச் சுவர்கள் சொல்வதில்லை.

சீனத்தின் செங்டூ நகரில் பெட்ஸி டேமன் என்ற அமெரிக்கக் கலைஞர் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து ஆற்றோரம் நிகழ்ச்சிகள் நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1998இல் ஆற்று நீரைச் செடிகளால் வடிகட்டும் பூங்கா ஒன்று உருவானது. உலகமே பாராட்டியது. அந்த ஆற்றுச் சீரமைப்பிலும் கரையோரக் குடியிருப்புகள் அகற்றப்பட்டன.

ஆகவே ஆற்றங்கரையில் பறையடிக்கவோ சுவரில் வரையவோ அழைப்பு வந்தால், நம் கலைக்குழுக்கள் முதலில் அந்தப் பகுதியின் அகற்றல் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டியலில் இருக்கும் தெருவில் ஒரு கூட்டம் போட வேண்டும். என்ன பாடுவது என்பதை அந்தக் கூட்டம் சொல்லும்.