இலவச ஆற்றலும் முதலீட்டாளர் பணமும்

எரிபொருள் வேண்டாம், வெயிலும் காற்றும்கூட வேண்டாம், ஒருமுறை சுழற்றிவிட்டால் காலமெல்லாம் மின்சாரம் கிடைக்கும் என்று கூறும் காணொலிகள் கைப்பேசிகளில் ஓயாமல் வலம் வருகின்றன. ஆற்றல் அழிவின்மை விதியைக் காட்டி அறிவியலாளர்கள் இவற்றை மறுப்பதும், 'ஒரு மேதையை நசுக்கப் பார்க்கிறார்கள்' என்று ஆதரவாளர்கள் கொதிப்பதும் வாடிக்கை. இந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. இயந்திரத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவர் உண்மையில் எதை விற்கிறார்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கீலி என்பவர், தண்ணீரிலிருந்து புதியதொரு விசையைப் பிரித்தெடுத்துவிட்டதாக 1872-இல் அறிவித்தார். அவர் பெயரில் நிறுவனம் தொடங்கப்பட்டது, பங்குகள் விற்கப்பட்டன. அவரது ஆய்வுக்கூடத்தில் செல்வந்தர்களின் முன்னிலையில் தடித்த கயிறுகள் அறுந்தன, இரும்புக் கம்பிகள் முறுக்கிக்கொண்டன, குண்டுகள் பலகைகளைத் துளைத்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால், விற்பனைக்கு ஓர் இயந்திரமும் வெளிவரவில்லை. 'இன்னும் சிறிது காலம்' என்பதே ஆண்டுதோறும் கிடைத்த பதில். பங்குதாரர்கள் பொறுமையிழந்து வழக்குத் தொடுத்தபோதும் கீலி ரகசியத்தைச் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக 1888-இல் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். கிளாரா மூர் என்ற பணக்கார விதவை அளித்த பெருந்தொகைதான் அவரைத் தாங்கி நின்றது.

1898-இல் கீலி இறந்தார். தாயின் பணம் எங்கே போனது என்று அறிய விரும்பிய கிளாராவின் மகன், அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தரையைப் பெயர்த்தார். நிலவறையில் சுமார் 3 டன் எடையுள்ள இரும்புக் கோளம் ஒன்று கிடந்தது. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் குழாய்கள் ஓடின. புதிய விசை என்று காட்டப்பட்டது அழுத்தப்பட்ட காற்றுதான் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. கீலியின் இயந்திரம் 26 ஆண்டுகளில் தடையின்றி உற்பத்தி செய்த ஒரே பொருள் நம்பிக்கை. அதற்கு நல்ல விலையும் கிடைத்தது.

எல்லோரும் கீலியைப் போன்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அயர்லாந்தின் ஸ்டியோர்ன் நிறுவனம் 2006-இல் 'எகானமிஸ்ட்' இதழில் விளம்பரம் கொடுத்து, தன் கருவியைச் சோதிக்குமாறு அறிவியலாளர்களைத் தானே அழைத்தது. 2009-இல் 22 பேர் கொண்ட குழு, ஆற்றல் உற்பத்தியாவதற்கான சான்று காட்டப்படவில்லை என்று ஒருமனதாகக் கூறியது. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதற்கு இத்துறையில் இடம் அதிகம். துடித்துத் துடித்துப் பாயும் மின்னோட்டத்தைச் சாதாரண மீட்டரால் அளந்து, மின்னழுத்தத்தோடு பெருக்கினால் கிடைக்கும் விடை உண்மையான திறனாக இருப்பதில்லை. பிழையான கணக்கு ஒரு நேர்மையாளரையும் கண்டுபிடிப்பாளராக்கிவிடும்.

எனினும், அவரது நோக்கம் எதுவென்று அறிய அவர் மனத்தைத் துருவ வேண்டியதில்லை. நடத்தையைப் பார்த்தாலே போதும். ரகசியம் வெளியானால் திருடிவிடுவார்கள் என்பது பொருந்தாத காரணம். கண்டுபிடிப்பை வெளிப்படையாக விளக்குபவருக்கு 20 ஆண்டுகள் தனியுரிமை தருவதற்காகத்தான் காப்புரிமைச் சட்டமே இருக்கிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரக்கூடிய இயந்திரம், முதலில் அவர் வீட்டு விளக்கை எரிக்கலாமே! சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, அந்நியர் முன்னிலையில் ஒரு மாதம் ஓட்டிக்காட்டலாம். இதைத் தவிர்த்துவிட்டு முன்பணம் கேட்பவரைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

எண்ணெய் நிறுவனங்களின் சதி என்ற வாதத்துக்கு ஸ்டான்லி மேயரின் கதையே பதில். தண்ணீரில் கார் ஓட்டுவதாகக் கூறிய இவர் மீது முதலீட்டாளர்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். அவரது கலத்தில் நடப்பது வழக்கமான மின்னாற்பகுப்பே என்று வல்லுநர்கள் சாட்சியம் அளித்தனர். 1996-இல் ஒஹையோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998-இல் மேயர் இறந்தபோது மூளை ரத்தக்குழாய் வீக்கமே காரணம் என்று அதிகாரிகள் கூறினர். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஆதரவாளர்கள் இன்றும் நம்புகிறார்கள். ஆனால், மேயர் காப்புரிமை பெற்றவர். அவற்றின் விளக்கங்களும் வரைபடங்களும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடைக்கின்றன. அவை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், யாருக்கும் ஒரு காசு கொடுக்காமல் அந்தக் காரை இன்று எவரும் தயாரிக்கலாம். இதுவரை ஒருவரும் தயாரிக்கவில்லை.