வெளிவராத இசையும் விரும்பி அளித்தலும்

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, தம் கைப்பேசியில் இசைத்துண்டு ஒன்றைக் கேட்கத் தந்தார். நான்கு நிமிடம் ஓடியது. அதில் சொல் இல்லை. பாடுவோர் குரலும் இல்லை. முழுவதையும் கணிப்பொறியில் தாமே அமைத்ததாகக் கூறினார். “நன்றாக இருக்கிறதே தம்பி, எனக்கும் அனுப்பி வை, வீட்டில் இன்னொரு முறை கேட்கிறேன்” என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். “அனுப்புகிறேன் ஐயா. ஆனால் வேறு எவருக்கும் அனுப்பிவிடாதீர்கள். இன்னும் முடியவில்லை” என்றார்.

முடியாத ஒன்றை ஏன் காட்ட வேண்டும்? காட்டிய பின் ஏன் மறைக்க வேண்டும்? அன்று எனக்கு இது முரண்பாடாகவே தோன்றியது. மின்னணு இசை வளர்ந்த வரலாற்றைச் சிறிது பயின்ற பின்னரே அத்தயக்கத்தின் பொருள் விளங்கிற்று. வெளியிடப்படாத இசையைப் பிறரோடு பகிர்தல் என்னும் வழக்கத்தையும், அதன் நன்மை தீமைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனியறைக் கலை

மரபிசையில் ஒருவர் பாட, ஒருவர் வயலின் வாசிக்க, ஒருவர் மிருதங்கம் வாசிப்பார். ஒத்திகையிலேயே ஒருவர் குறையை மற்றவர் சுட்டிவிடுவார். மின்னணு இசையிலோ இயற்றுபவர், இசைப்பவர், ஒலிப்பதிவு செய்பவர், ஒலிகளைக் கலந்து சீராக்குபவர் ஆகிய நால்வரும் பெரும்பாலும் ஒருவரே. அவரை இசையாக்குநர் என அழைக்கலாம். அவர் ஓர் அறையில் தனித்திருந்து, ஒரே பகுதியை நூறு முறை கேட்டுக் கேட்டுத் திருத்துகிறார். கேட்டுப் பழகிய செவிக்குக் குறை புலனாவதில்லை. எனவே பிறர் செவி அவருக்கு இன்றியமையாததாகிறது. புலவர் ஒருவர் தம் நூலை அரங்கேற்றுமுன் அறிந்தார் சிலரிடம் படித்துக் காட்டுவதை ஒத்தது இது.

டப்பிளேட் என்னும் முன்னோடி

இவ்வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. ஜமைக்கா நாட்டில் தெருவெளிகளில் பெரும் ஒலிபெருக்கிகளை நிறுத்தி இசைத்தட்டுகளைச் சுழற்றும் ‘சவுண்ட் சிஸ்டம்’ குழுக்கள் பல இருந்தன. தம்மிடம் மட்டுமே உள்ள பாடலை ஒலிக்கச் செய்யும் குழுவுக்குக் கூட்டம் மிகும். ஆகவே, வெளிவராத பதிவை ஒரே ஒரு தட்டில் வெட்டிக் கொடுக்கும் முறை அங்கே தோன்றியது. அத்தட்டுக்கு ‘டப்பிளேட்’ என்று பெயர். அலுமினியத் தகட்டின்மேல் மென்மையான அரக்குப் பூச்சு கொண்டது அது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் பூச்சுத் தேயும். சில பத்து முறைகளுக்குப் பின் ஒலி கெடும்.

1990களில் இங்கிலாந்தின் ‘ஜங்கிள்’ இசையாக்குநரும் இம்முறையையே மேற்கொண்டனர். பகலில் முடித்த இசையைத் தட்டில் வெட்டி, இரவில் அரங்கில் ஒலிக்கச் செய்து, மக்கள் எவ்விடத்தில் துள்ளினர், எவ்விடத்தில் சோர்ந்தனர் எனக் கண்டு, மீண்டும் திருத்தினர். தட்டு ஒன்றே ஆதலின் அது யாரிடம் உள்ளது என்பது இசையாக்குநருக்குத் தெரியும். பகிர்தலும் பாதுகாப்பும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

இணையம் தந்த மாற்றம்

2007ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் அலெக்சாண்டர் ல்யுங், எரிக் வால்போர்ஸ் ஆகிய இருவர் தொடங்கி, பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நிலைபெற்றது ‘சவுண்ட்கிளவுட்’ என்னும் இணைய அமைப்பு. இசையாக்குநர் தம் பதிவுகளைத் தமக்குள் எளிதில் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். ஏற்றப்படும் இசை அலைவடிவப் படமாகத் திரையில் தோன்றும். கேட்பவர் அவ்வலையின் குறிப்பிட்ட நொடியிலேயே தம் கருத்தைப் பொருத்தலாம். “இவ்விடத்தில் முழக்கம் மிகுகிறது” என ஒருவர் எழுதினால், எவ்விடம் என்று தேட வேண்டியதில்லை. பழைய சுவடியின் ஓரத்தில் குறிப்பெழுதுவது போன்ற ஏற்பாடு இது. எல்லார்க்கும் காட்டாமல், இணைப்பைப் பெற்றவர் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு நேர்ந்தது. டப்பிளேட் தேயும், கணிப்பொறிக் கோப்பு தேயாது. ஒன்று ஆயிரமாகும், எங்கே சென்றது என்றும் அறிய இயலாது. இதன் இருவேறு விளைவுகளை இருவர் வரலாற்றால் காண்போம்.

விரும்பி அளித்தவர்

ரிச்சர்டு டி. ஜேம்ஸ் 1971ஆம் ஆண்டு அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்து, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வளர்ந்தவர். ‘ஏபெக்ஸ் ட்வின்’ என்னும் புனைபெயரால் உலகறிந்தவர். அப்பெயரில் 2001க்குப் பின் ஆல்பம் எதனையும் வெளியிடாதிருந்து, 2014இல் ‘சைரோ’ என்பதை வெளியிட்டார். அது கிராமி விருதும் பெற்றது.

2015 ஜனவரியில் சவுண்ட்கிளவுடில், எண்கள் நிறைந்த பெயர் கொண்ட கணக்கு ஒன்றிலிருந்து வெளிவராத இசைப் பதிவுகள் வரத் தொடங்கின. இளமைக் காலம் முதல் அவர் பதிந்து வைத்திருந்தவற்றுள் 200க்கும் மேற்பட்டவை சில மாதங்களில் வெளிவந்தன. அவற்றை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அக்கணக்கின் பெயரில் 18081971 என்னும் எண் அமைந்தது. அது அவர் பிறந்த நாளாகும்.

இதற்கு அவர் கூறிய காரணம் எண்ணத்தக்கது. தாம் மறைந்தபின், குவிந்து கிடக்கும் இத்தனை இசையையும் என்ன செய்வது என்று மனைவி மக்கள் திகைக்க நேரும். இப்போதே கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அச்சுமை இல்லை என்பது அதன் சாரம். செல்வத்தைப் பங்கிடுவது போன்றே இசையையும் உயிரோடிருக்கும்போதே தம் கையால் அளித்துவிட்டார் எனலாம்.

இதற்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1994இல் ‘காஸ்டிக் விண்டோ’ என்னும் பெயரில் அவர் அமைத்த ஆல்பம், சோதனைத் தட்டுகள் சிலவற்றோடு நின்றுவிட்டது. 20 ஆண்டுகள் கழித்து, 2014இல், அத்தட்டுகளுள் ஒன்று 13,500 டாலர் விலைக்கு வந்தது. சுவைஞர் 4,000க்கும் மேற்பட்டோர் பணம் திரட்டி அதனை வாங்கினர். ஆனால் வாங்கியதும் படியெடுத்துப் பரப்பிவிடவில்லை. அவரிடமும் இசைத்தட்டு நிறுவனத்திடமும் இசைவு பெற்ற பின்னரே, பணம் அளித்தவர்க்கு ஒவ்வொரு படி வழங்கினர். பின்பு அத்தட்டு 46,300 டாலருக்கு ஏலம் போயிற்று. பணம் தம்முடையதே ஆயினும், படைத்தவர் சொல்லை மதித்த அப்பண்பு போற்றத்தக்கது.

பறிகொடுத்தவர்

ஜெய் பால் என்பவர் இலண்டன் இசையாக்குநர். 2007இல் தம் முற்றுப்பெறாத பாடல் ஒன்றை ‘மைஸ்பேஸ்’ தளத்தில் தாமே ஏற்றினார். அதுவே அவர் புகழுக்கு வித்தாயிற்று. எக்ஸ்எல் என்னும் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஏற்று, அப்பாடலை 2011இல் முறைப்படி வெளியிட்டது. வெளிவராத இசையைப் பகிர்தல் வளரும் கலைஞரை எங்ஙனம் உயர்த்தும் என்பதற்கு அவரே சான்று.

அதே கலைஞருக்கு 2013 ஏப்ரலில் நேர்ந்தது வேறு. அவருடைய முடிவுறாத பதிவுகள் பதினாறினை, யாரோ அவர் பெயரால் ‘பேண்ட்கேம்ப்’ தளத்தில் விலைக்கு வைத்துவிட்டனர். அது அவரது முதல் ஆல்பம் என்றே உலகம் நம்பியது. தாம் ஏற்றவில்லை என அவர் மறுத்தார். பாராட்டோ குவிந்தது, அவ்வாண்டின் சிறந்த ஆல்பங்கள் பட்டியல் சிலவற்றிலும் அது இடம்பெற்றது. ஆனால் அப்பாராட்டு அவர் காயத்தை ஆற்றவில்லை. இசையுலகிலிருந்து ஒதுங்கிப் பல ஆண்டுகள் மௌனமானார். 2019 ஜூனில்தான் அப்பதிவுகளைத் தம் இசைவோடு வெளியிட்டு, அந்நிகழ்ச்சி தம் உள்ளத்தை எவ்வாறு சிதைத்தது என்பதைத் திறந்து எழுதினார். 2023 ஏப்ரலில்தான் முதன்முறையாக மேடையேறினார்.

ஈகையும் கள்ளாமையும்

இரண்டு நிகழ்ச்சிகளிலும் வெளிவராத இசையே வெளிவந்தது; கேட்டவர் இரண்டிலும் மகிழ்ந்தனர். ஒன்று ஈகையாயிற்று, மற்றொன்று களவாயிற்று. வேறுபாடு இசையில் இல்லை. படைத்தவரின் இசைவில் உள்ளது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். பொருள் ஒன்றே ஆயினும் கைம்மாறும் முறையால் அறம் மாறும் என்பதற்கு இஃதோர் இக்கால எடுத்துக்காட்டு.

“விலையின்றிப் பலரும் கேட்டால் அவருக்குப் புகழ்தானே?” என வினவலாம். முற்றுப்பெறாத படைப்பு அரைத்த மாவைப் போன்றது. அதனை விருந்தில் வைத்துவிட்டால், சமைத்தவர் பெயரே கெடும். எப்போது முடிந்தது என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கே உரியது. சட்டமும் இதனை ஏற்கிறது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், வெளியிடப்படாத படைப்புக்கும் பதிப்புரிமை உண்டு. அதற்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அவ்வழியதே.

மாணவர்க்குச் சில சொற்கள்

கணிப்பொறியில் இசை அமைக்கும் மாணவர் இன்று நம் கல்லூரிகளிலும் உளர். அவர்கள் பகிர அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சி மறைத்த இசை திருந்துவதில்லை. ஆயின், கருத்துக் கேட்டற்கு இருவர் மூவரிடம் தனி இணைப்பாக அனுப்புதல் ஒன்று. உலகத்தார் எடுத்துக்கொள்ள வைத்தல் மற்றொன்று. இவற்றுள் எதனைச் செய்கிறோம் என முன்னரே தெளிக. அனுப்பும்போது “இது முடிவுறாதது” என எழுதுக. ஒருமுறை பிறர் எடுத்துக்கொண்ட கோப்பைத் திரும்பப் பெற இயலாது. தளத்திலிருந்து நீக்கினாலும் அவர்களிடம் இருக்கும்.

பெறுவோர்க்கு உரிய கடமை இதனினும் எளியது. நம்பித் தந்ததைக் கேளாமல் பிறருக்கு அனுப்பாதிருத்தலே அது.

முடிவுரை

அம்மாணவரின் இசை இன்றும் என் கைப்பேசியில் உள்ளது. அன்று மாலையே என் மகன் அதனைக் கேட்டுவிட்டுத் தன் நண்பர்க்கு அனுப்ப விரும்பினான். “தந்தவரிடம் கேட்காமல் கூடாது” என்றேன். பின்னர் மும்முறை அம்மாணவர் அதனைத் திருத்திக் கொணர்ந்தார். ஒவ்வொரு முறையும் முன்னையதினும் சிறந்திருந்தது. முதல் வடிவம் ஊரெங்கும் பரவியிருப்பின், மற்ற மூன்றும் பிறந்திருக்குமா என எண்ணிப் பார்க்கிறேன்.