பிஞ்சு இதயத்துக்கு நாள் கடத்த வேண்டாம்



"கொழந்தைக்கு இதயத்துல ஓட்டையாம்" என்று கேட்டதுமே நாம் இடிந்து போகிறோம். பயம் வேண்டாம். ஆனால் தாமதமும் வேண்டாம்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் சுமார் 8 பேருக்கு இதயக் குறை இருக்கிறது. இதய அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தால், நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தமே மறுபடியும் அங்கே போகும். சின்ன ஓட்டை பலருக்குத் தானே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையைக் காலத்தோடு அடைக்காவிட்டால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் கெட்டுவிடும். அப்புறம் ஆபரேஷனும் செய்ய முடியாமல் போகும்.

கவனிக்க வேண்டியவை:

* பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்கி விட்டுவிட்டுக் குடிப்பது
* எடை ஏறாமல் இருப்பது
* அடிக்கடி நெஞ்சுச் சளி
* உதடு, நாக்கு, நகம் நீலமாவது

இந்த ஆபரேஷன் வசதி இல்லாத நாடுகள் பல உண்டு. 1975ல் உகாண்டா நாட்டுச் சிறுமி ஒருத்தியை ரோட்டரி சங்கத்தார் அமெரிக்காவுக்கு வரவழைத்துச் சிகிச்சை செய்தார்கள். இப்போது டாக்டர்களும் நர்சுகளும் லீவு போட்டு, சம்பளம் வாங்காமல், நாடு விட்டு நாடு போய்ச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2007ல் தொடங்கிய 'ஹீலிங் லிட்டில் ஹார்ட்ஸ்' குழுவினர் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள். இப்படி வருகிறவர்கள் சில நாளில் திரும்பிவிடுவார்கள். ஆகவே உள்ளூர் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் பெரிய உதவி. வேலூர் சி.எம்.சி.யில் 1949ல் அமெரிக்க டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி, நம் டாக்டர்களைப் பழக்கினார்.

இன்று நம் பிள்ளைகள் வெளிநாட்டு டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2008ல் தமிழக அரசு சிறுவர்களுக்கான இலவச இதய ஆபரேஷன் திட்டம் கொண்டுவந்தது. இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் இது கிடைக்கிறது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள சத்ய சாய் மருத்துவமனையிலும் 2001 முதல் இதய ஆபரேஷனுக்குக் காசு வாங்குவதில்லை. பாலவாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ, நர்சம்மாவிடமோ பிள்ளையைக் காட்டினால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 104க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

"பொட்டப்புள்ள, நெஞ்சுல தழும்பு விழுந்தா யாரு கட்டிக்குவா?" என்ற பேச்சையும் கேட்கிறோம். தழும்பு சட்டைக்குள்ள மறைஞ்சிடும். போன உயிர் திரும்பாது.

ஆபரேஷன் இலவசம் என்றாலும் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, போன கூலி எல்லாம் இருக்கிறது. அதற்கு உடனே உள்கடன் கொடுப்போம். துணைக்கு ஒருவர் போவோம். வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு எழுதியதும், ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் கேட்போம்.